எருமைக்கு ஒரு பக்கம்

படப்புத்தகங்களில் பசுவுக்கு எப்போதும் இடமுண்டு. எருமையை ஒருவரும் வரைவதில்லை. பள்ளியே அச்சிட்டு, கிளி டீச்சர் வகுப்பில் விரித்த 'பொங்கல் கொண்டாடும் நம் உறவுகள்' புத்தகத்திலும் தாயைக் காணாமல், அங்கே படித்த எருமைக்கன்று தேம்பியழுதது.

எருமை கொதித்துப்போய் வகுப்புக்குள் நுழைந்தாள்.

"ஏன் டீச்சர், மாட்டுப் பொங்கலுக்கு என் கொம்புக்கும்தானே வர்ணம் பூசறாங்க? உங்க கண்ணுக்கு மட்டும் நான் தெரியலையா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. கறுப்பு அடிச்சா பக்கம் எடுபடாது. பிள்ளைங்களும் பயப்படும்."

"என் பிள்ளை என்னைக் கண்டா அழுதான்? காணோம்னுதானே அழுதான்!"

"சரி, அடுத்த பதிப்பில் கட்டாயம் சேர்த்துடறோம்" என்றது கிளி.

சொன்ன சொல் தவறவில்லை. புதிய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எருமை இருந்தாள். அவள் முதுகில் பாசக்கயிற்றோடு எமன் உட்கார்ந்திருந்தான்.

அன்றே கன்றைக் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தவள், பிறகு அந்தப் பள்ளிப் பக்கம் திரும்பவே இல்லை.