வெறுங்கல்

கண்காட்சியின் கண்ணாடிப் பெட்டிக்குள் குருவம்மாளின் ஆட்டுக்கல் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நகரத்தின் சாப்பாட்டு வரலாற்றைக் கொண்டாடும் திருவிழா என்று அதை நடத்துபவர்கள் வந்து கேட்டபோது, தன் மெஸ்ஸின் மூலையில் சும்மா கிடந்த கல்தானே என்று மனசாரக் கொடுத்தாள். அடியில் மோட்டார் வைத்துக் குழவியை ஓட்டுவார்கள் என்று அவள் கண்டாளா? அரிசியில்லாமல், சொட்டுத் தண்ணீரில்லாமல் வெறுங்கல்லைச் சுற்றினால் கல்லுக்குரிய வீட்டில் யாருக்காவது சோறு இறங்காமல் போகும் என்பார்கள். திருவிழா தொடங்கியதிலிருந்து அவள் புருஷனுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார்.

"தாயி, ஒரு கை அரிசி மட்டும் போட்டுக்கிறேன். இல்லேன்னா அதை நிப்பாட்டச் சொல்லு."

காவலுக்கு நின்ற பெண் பாவமாகப் பார்த்தாள். "அரிசி போட்டா புளிச்சு நாறிடும்மா. பெட்டியத் தொறக்க எனக்கு அதிகாரமில்ல. இன்னைக்குக் கடைசி நாள்தானே, நாளைக்கு நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க."

கல்லின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி சேர்ந்திருந்தது. "அம்மா, மாவு வருது பாரு!" என்று ஒரு குழந்தை கண்ணாடியில் கைவைத்துக் குதித்தது. கல் தன்னையே அரைத்துக்கொண்ட பொடி அது என்று குருவம்மாளுக்குத் தெரியும்.

ஒலிபெருக்கி கரகரத்தது. பொதுமக்களின் பேராதரவை முன்னிட்டுக் கண்காட்சி மேலும் ஒரு மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறதாம். கூட்டம் கைதட்டியது. குருவம்மாளால் தட்ட முடியவில்லை. மூடிய கைக்குள் ஊறவைத்த அரிசி இருந்தது. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.