ஓட்டுநர் பக்கத்துத் துரு

வெள்ளத்தில் போன புருஷன் கிடைக்கவில்லை. அவர் ஓட்டிப்போன ஜீப் மட்டும் கிடைத்தது. ஷெட்டில் துருவேறிக் கிடந்த அதைச் சரிசெய்து விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விடலாம் என்று தவமணி முடிவெடுத்ததில், அவளைவிட எதிர்வீட்டு பிலோமினாவுக்குத்தான் அவசரம்.

"அவருக்குப் பிடிச்ச பச்சையே இருக்கட்டுமேக்கா" என்றாள் தவமணி.

"பச்சையை எவன்டி வாங்குவான்? வெள்ளை அடி, லட்சணமா இருக்கும்" என்று பிலோமினா கலர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

டிங்கர் காசிம் பாய் துருவைச் சுரண்டி, இற்றுப்போன தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார். ஓட்டுநர் பக்கத் தகடு மட்டும் மறுநாளே நனைந்து துருப் பூத்தது. மழையில்லை, கூரையும் ஒழுகவில்லை.

"விக்க மனசில்லாம இவளே தண்ணி ஊத்துறா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, பிலோமினா ஷெட்டைத் தானே பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். காலையில் திறந்ததும் அவள்தான். தகட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. தொட்டு முகர்ந்தாள். ஆற்றுச் சேற்றின் வாடை.

"ஈரத்துமேல பெயிண்ட் நிக்காதும்மா" என்றார் காசிம் பாய், யார் முகத்தையும் பாராமல்.

தவமணி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், "போதுங்க, இறங்கி வாங்க. வெள்ளை அடிக்கணும்" என்றாள்.

பிலோமினா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள், ஓட்டுநர் பக்கமாகவே அமுங்கியிருந்த ஜீப், அடியிலிருந்த வில்பட்டைகள் முனக, மெல்ல நிமிர்ந்தது.