ஐந்து கொண்டை ஊசிகள்

எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகும்போது அதற்குள்ளிருக்கும் இரும்புத் துகள்கள் வடக்கைப் பார்த்தபடி உறைந்துவிடும். மலையைப் பிளந்து ஓடும் வெடிப்புக்கு மேற்கே நிலவியலாளர் அங்கயற்கண்ணி துளைத்தெடுத்த கற்கள் இன்றும் வடக்கையே காட்டின. கிழக்குக் கற்கள் மட்டும் முப்பத்தேழு டிகிரி விலகி நின்றன. வெடிப்பு நகர்ந்ததில் கிழக்குப் பாதி மலையே திரும்பிவிட்டது என்று ஆய்வகக் கூட்டத்தில் சொன்னாள் அவள். "மலை எங்கம்மா திரும்புச்சு? கல்லை எடுக்குறப்ப குனிஞ்சு அதுமேல வடக்கைக் குறிச்சிருப்பீங்க, உங்க கொண்டை ஊசிக்குக் காம்பஸ் திரும்பியிருக்கும்," என்றார் ஆய்வகத் தலைவர் சபாநாயகம். கூட்டம் சிரித்தது. மறுவாரம் அவரையே மலைக்கு இழுத்துப்போனாள். ஐந்து ஊசிகளையும் உருவி அவர் கையில் திணித்தாள். "புடிங்க சார். காம்பஸையும் நீங்களே வச்சுக்கிட்டுத் தள்ளி நில்லுங்க." தலைமுடி காற்றில் பறக்க, கிழக்குப் பாறைமேல் மூங்கில் குச்சியை நிறுத்தி, வெயில் போட்ட நிழலை வைத்தே வடக்கைக் குறித்துப் புதிய கற்களை எடுத்தாள். அவர் கண்ணெதிரிலேயே அவற்றை அளந்து முடித்த அன்று அதே கூட்டம் மறுபடி கூடியது. சபாநாயகம் எழுந்து வந்து ஊசிகளை நீட்டினார். எல்லோரும் பார்க்க அவள் நிதானமாகக் கொண்டை போட்டு, ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டாள். "எத்தனை டிகிரின்னு நீங்களே சொல்லிடுங்க சார்," என்றாள்.