நீளமுடிக்காரி

"வந்து பாரு, இன்னிக்கும் தண்ணி போகலை. பூரா உன் முடிதான்."

குளியலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்ததும் மருமகள் கலந்த காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். தண்ணீர் போகும் துளையின் சல்லடையில் ஒரு பிடி முடி சுருண்டு கிடந்தது. நீள நீளமாக, கன்னங்கரேலென்று.

"ஒருவேளை உங்க முடியா இருக்குமோ அத்தை?" என்று நப்பாசையில் கேட்டாள்.

"நல்லா கேட்டே போ. என் முடி இவ்வளவு நீளமாவா இருக்கு?"

மாமியார் கழுத்தளவு முடியை ஒரு சிலுப்பு சிலுப்பிக் காட்டினாள். காலமெல்லாம் கொண்டை போட்டுக்கொண்டிருந்த மனுஷி, போன மாதம் திடீரென்று பார்லருக்குப் போய் இந்தக் கோலத்தில் வந்து நின்றாள். இந்த வயதில் என்ன ஸ்டைல் வேண்டிக் கிடக்கிறது என்று மருமகள் மனசுக்குள் முணுமுணுத்தாலும், அது அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

"கண்ட விட்டமினையும் முழுங்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே."

"அதை விட்டு எத்தனை நாளாச்சு அத்தை. அப்புறமும் கொட்டுதே."

"அப்போ தண்ணி சரியில்லையோ என்னவோ," என்று மாமியார் நழுவிவிட்டாள். விட்டமின் என்பாள், தண்ணீர் என்பாள், நேற்று ஷாம்பு என்றாள். இவளுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

மருமகள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவளால் சொந்தத் தலையில் எங்கே முடி குறைந்திருக்கிறது என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னல் பழையபடிதான் இருந்தது. ஆனால் சோபாவில் முடி, துண்டில் முடி, துடைப்பத்தில் முடி. கப்பலில் வேலை பார்க்கும் கணவன் விடுமுறைக்கு வருகிற நேரம் வேறு. மொட்டைத் தலையோடு போய் வாசலில் நிற்பதா?

அன்று மதியமே தோல் டாக்டரிடம் போனாள். அவர் அவளுடைய முடியில் ஒரு கற்றையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒன்றுகூட வரவில்லை.

"முகம் பளபளப்பா ஆகணும்னு விட்டமின் ஏ மாத்திரை சாப்பிட்டேன் டாக்டர். நிறுத்திட்டேன்."

"அது அளவுக்கு மிஞ்சினா முடி கொட்டும்தான். நிறுத்தினது நல்லது. வேற என்ன சாப்பிடறீங்க?"

"ஸ்கூல்ல படிக்கும்போது வலிப்பு வரும். அதுக்கு ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கறதாலதான் இப்போ வர்றதில்லை."

"அதுலயும் சிலருக்குக் கொட்டும். ஆனா உங்களுக்குக் கொட்டின மாதிரியே தெரியலையேம்மா."

"வீடு பூரா கிடக்கு டாக்டர். நீளமுடி இருக்கிறது அந்த வீட்டிலே எனக்கு மட்டும்தான்."

டாக்டர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். அவருக்கும் குழப்பம்தான்.

"எதுக்கும் உங்க நரம்பு டாக்டரைக் கேளுங்க. ஆனா ஒண்ணு, அந்த மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு விட்டா வலிப்பு திரும்பி வரும். உயிருக்கே ஆபத்து."

தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆனால் அவள் காதில் விழுந்தது, 'அதுலயும் கொட்டும்' என்பது மட்டும்தான்.

வீட்டுக்கு வந்தபோது, சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டு வந்த களைப்பில் மாமியார் படுத்திருந்தாள். முகம் கழுவப் போன மருமகளின் கால் விரலில் ஈரமுடி ஒன்று சுற்றிக்கொண்டது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நேராகப் போய் அலமாரியைத் திறந்து, மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பைக் கூடையில் வீசினாள்.

சத்தம் கேட்டு மாமியார் எழுந்து வந்தாள். "என்னத்தை வீசினே?"

"வலிப்பு மாத்திரை. இனிமே போட மாட்டேன். அதனாலதான் கொட்டுதாம்."

மாமியாருக்கு முகம் வெளுத்துப் போயிற்று. குனிந்து கூடைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தாள்.

"பைத்தியமா உனக்கு? மரியாதையா ஒண்ணைப் பிரிச்சுப் போட்டுக்கோ."

"நீங்கதானே விட்டமினை நிறுத்தச் சொன்னீங்க. இதுவும் மாத்திரைதானே."

"அது வேற, இது வேற."

"காலையிலே ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சா? தினம் தினம் உன் முடி, உன் முடின்னு உயிரை எடுத்தது யாரு? என் தலை, நான் பார்த்துக்கறேன். வலிப்பு வந்தா வரட்டும்."

மாமியார் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் சோபாவில் உட்கார வைத்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகினாள். திட்டு விழும் என்று காத்திருந்த மருமகளுக்கு இது இன்னும் குழப்பமாக இருந்தது.

"உனக்கு அதிர்ச்சி ஆகாது, எதையும் பக்குவமா சொல்லுங்கன்னு உங்கம்மா கல்யாணத்தப்பவே சொன்னாங்க. எனக்குப் பக்குவமா சொல்லத் தெரியலை. அதான் சொல்லாமலே ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

"என்ன அத்தை சொல்றீங்க?"

மாமியார் இரண்டு கைகளையும் காதோரம் கொண்டுபோய், அந்தக் கழுத்தளவு முடியை மொத்தமாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முக்கால் வழுக்கையாகிவிட்ட தலையில் நீள நீளமாக நாலைந்து கற்றைகள் மட்டும் மிச்சம் இருந்தன.

"சிநேகிதி வீடுன்னு சொல்லிட்டுப் போறதெல்லாம் புற்றுநோய்க்கு மருந்து ஏத்திக்கத்தான், கொட்டுறது உன் முடியே இல்லை, என்னோடது," என்றபடி மாத்திரையைப் பிரித்து மருமகளின் உள்ளங்கையில் வைத்தாள். "இப்பவாவது போட்டுக்கோ கண்ணு."