முப்பத்தாறு பவுண்டு காற்று

டயரில் காற்று குறைந்ததாக விளக்கு எரியவே, ரோஷன் தன் ஸ்போர்ட்ஸ் காரை ராஜபாளையத்தில் கண்ணில்பட்ட முதல் பஞ்சர் கடையில் நிறுத்தினான். பதினொரு மணிக்குள் அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாக வேண்டும்.

"நாப்பது வைங்கண்ணே. வேகமாப் போகணும்."

"அம்புட்டு வச்சா ரோட்டுல பிடிமானம் இருக்காது தம்பி," என்றார் கடைக்காரர் இருளப்பசாமி. "எத்தனை பேரு போறீய?"

"நான் மட்டுந்தான்." ரோஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

கார் கதவோரம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அவர் படித்தார். "ஒரு ஆளுன்னா முப்பத்திரெண்டு. ரெண்டு பேரும் பெட்டியும்னா முப்பத்தாறு. சரியாச் சொல்லுங்க."

"அதான் சொன்னேனே, ஒரு ஆளு!"

இருளப்பசாமி நான்கு டயருக்கும் நிதானமாகக் காற்றுப் பிடித்தார். ரோஷன் மீட்டரை எட்டிப் பார்த்தான். முப்பத்தாறு.

"எம்மவ எழுதி வச்சிட்டுப் போன லெட்டரையும் உங்க போட்டோவையும் காலையிலேயே பாத்துட்டேன்," என்றார் அவர், தலை நிமிராமல். "ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிட்டு இருப்பா. மெதுவாவே கூட்டிட்டுப் போங்க."