அரைக் கட்டு

“பீடிய இன்னையோட விட்டுடுங்கம்மா” என்றார் டாக்டர்.

ஊதி முடித்த குழாயைக் கையில் வைத்தபடி அம்சம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரிடமோ சொல்கிறார் என்றுதான் நினைத்தாள்.

“உங்களத்தான். ஐம்பத்திரண்டு சதவீதம்தான் வருது. உங்க வயசுக்கும் உயரத்துக்கும் நூறுக்குப் பக்கத்துல வரணும்.”

டாக்டர் பரிதிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மேல்படிப்புக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தார். புகைப்பவர்கள் ஐம்பது பேர், புகைக்காதவர்கள் ஐம்பது பேர். இரண்டு பக்கத்தாருடைய நுரையீரலும் எவ்வளவு வேகமாகக் காற்றை வெளியே தள்ளுகிறது என்று அளந்து ஒப்பிட வேண்டும். வலங்கைமான் சாலையில் இருக்கும் இந்த அரிசி மில்லில் இரண்டு வகை ஆட்களும் கிடைப்பார்கள் என்று காலையிலேயே கருவியோடு வந்து, நெல் காயும் களத்தின் ஓரம் மேசை போட்டிருந்தார்.

அம்சத்துக்குக் காது மடல் வரை சூடேறியது. வெற்றிலைகூடப் போடாதவள்.

“நான் பீடி குடிச்சத நீங்க பார்த்தீங்களா சார்?”

“ஒளிஞ்சு குடிச்சா அவரு எப்படிப் பார்ப்பாரு?” என்றான் மூட்டை தூக்கும் வீரையன். அவனோடு நின்ற ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

பெயர்: அம்சம். வயது: 46. வேலை: சல்லடைக் கொட்டகை, 21 வருடம். புகைப்பழக்கம்: உண்டு. ஒரு நாளைக்கு அரைக் கட்டு.

நேரம் மிச்சமாகட்டும் என்று முதல் பக்கத்தை மட்டும் நேற்றே மில் ஆபீஸில் கொடுத்து நிரப்பி வாங்கியிருந்தார். ஊத வந்தவர்களிடம் அதை மறுபடி கேட்கவில்லை.

பத்தாவது வரை படித்தவள் அம்சம். இரண்டு முறை படித்தாள். யார் எழுதியது என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

“எந்திரிங்க சார். என்கூட வாங்க.”

அவர் எழுவதற்குள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சல்லடைக் கொட்டகை நாற்பது தப்படி தூரம்தான். உள்ளே மத்தியான வெயிலிலும் மார்கழி விடியல் மாதிரி மூட்டம். உமித் தூசி. ஊதிவிட்டுத் திரும்பியிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இமை முடியெல்லாம் வெளுத்திருந்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. டாக்டர் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்.

“இதத்தான் சார் இருபத்தோரு வருஷமா குடிக்கிறேன்” என்றாள் அம்சம். “அதுல எழுதுங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: “உங்களையெல்லாம் புகைக்காதவங்க பக்கம் மாத்தினா ரெண்டு பக்கமும் ஒண்ணாப் போயிடும்மா. என் ஆய்வுல வித்தியாசமே வராது.”

“வராட்டிப் போவட்டும். என் மூச்சு போனப்ப யாரு கேட்டா?”

டாக்டர் தாள்கட்டைப் பிரித்துப் பெண்களின் தாள்களை மட்டும் உருவி எடுத்தார். சல்லடையில் மொத்தம் பன்னிரண்டு பெண்கள். அகிலாண்டம், உண்டு. கனிமொழி, உண்டு. ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில்.

அதற்குள் யாரோ சொல்லி மேஸ்திரி மருதையன் களத்தைக் கடந்து வேகமாக வந்தான். முப்பது வருடமாகப் பீடி குடிப்பவன். காலையில் முதல் ஆளாக ஊதி எண்பத்தொன்று வாங்கி, அதைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன். அம்சத்தின் கணவன்.

“முதலாளிதான் எழுதச் சொன்னாரு” என்றான் அவள் காதருகே. “தூசியாலன்னு வந்தா மில்ல பூட்டிடுவாங்கடி. ஒரு வார்த்தைதானே, இதுல என்ன வந்துச்சு?”

அம்சம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் எழுத்திலேயே அவளுக்குத் தெரிந்த கையெழுத்து அது. கூடப் படுத்து எழுந்தவனே ஊருக்கு முன்னால் தன்னைப் பீடிக்காரியாக்கியிருக்கிறான்.

“அடிங்க சார்” என்றாள் டாக்டரிடம். “எல்லாத்தையும் அடிச்சு எழுதுங்க.”

அவர் ஒவ்வொன்றாக ‘உண்டு’வை அடித்து ‘இல்லை’ என்று எழுதினார். பதினொரு தாள். அம்சம் தன் தாளில் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டாவது தாளில் அடிக்க ஒன்றும் இருக்கவில்லை. அதில் மட்டும் முன்பே ‘இல்லை’ என்று இருந்தது. அதே நீல மை. அதே கை.

பூவிழி. வயது 22. நான்கு வருடம்.

தை மாதம் கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கும் அவர்களுடைய மகள். அவளுக்கு மட்டும் அப்பனால் பொய் எழுத முடியவில்லை.

கீழே, காலையில் அவள் ஊதியபோது கருவி காட்டிய எண்ணை டாக்டர் குறித்து வைத்திருந்தார். எழுபத்து நான்கு.

அம்சம் அந்தத் தாளை மருதையன் கையில் கொடுத்தாள்.

அவன் படித்தான். தாளைக் கையில் பிடித்தபடியே விறுவிறுவென்று சல்லடைக் கொட்டகைக்குள் போனான். முந்தானை முகத்தை மறைத்திருக்க, என்னவென்று புரியாமல் விழித்த மகளின் தோளில் கை போட்டு அவளை வெளியே கூட்டிவந்து, வேப்ப மரத்தடியில் உட்காரவைத்தான்.

“இன்னும் பத்துப் பேரு உள்ள இருக்காங்க” என்றாள் அம்சம்.