பாதி ரோட்டில் ஒரு கார்

“இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!”

காரை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கினாள் உஷாராணி. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் ‘கிறீச்’சென்று ஒரு சத்தம். வேறென்ன? பக்கத்து வீட்டுத் திருச்செல்வம் அங்கிளின் பழைய கார்தான்.

கிள்ளானில் அவர்கள் இருந்த தாமான் குடியிருப்பில் ரோடுகள் எல்லாம் குறுகல். ஆனால் இந்த ரோடு மட்டும் ஹைவேக்குக் குறுக்குவழி. சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத காரும் மோட்டார் சைக்கிளும் இதில்தான் பறக்கும். அது போதாதென்று அங்கிளின் கார் வேறு வளைவை ஒட்டி, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். அவர் வீட்டில் கார் நிறுத்தும் போர்ச்சோ காலி. நாலு பூந்தொட்டிதான் இருக்கும்.

“அங்கிள், உள்ளே இவ்வளவு இடம் இருக்கே. காரை எடுத்து வச்சா என்னவாம்?”

செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் பதறி வந்தார்.

“இடிச்சிட்டியாம்மா? உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“எனக்கு ஒண்ணும் ஆகல. என் காருக்குத்தான்.”

“தெரிஞ்ச வொர்க்‌ஷாப் இருக்கு. நானே செஞ்சு குடுத்திடறேன்.”

“அதெல்லாம் வேணாம் அங்கிள். இந்தக் காரை எடுங்க, போதும்.”

“பார்க்கலாம்மா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு ஒரே கொதிப்பு.

வேகத்தைக் குறைக்க ரோட்டில் மேடு போட வேண்டும் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். “ஆனா எங்க வீட்டு முன்னால வேணாம்லா. ராத்திரி பூரா டடக் டடக்னு சத்தம் கேட்கும்” என்பதையும் எல்லோரும்தான் சொல்வார்கள். உஷாராணியும் சொல்லியிருக்கிறாள். அதனால் மேடு பேச்சோடு நின்றது.

அங்கிளின் கார் விஷயத்தில் மட்டும் தாமானே ஒற்றுமையாக நின்றது.

“ஓட்டவும் மாட்டாரு, உள்ளே வைக்கவும் மாட்டாரு. என்ன மனுஷன்லா!” என்று எதிர்வீட்டுப் புனிதா குரல்பதிவே போட்டாள்.

உஷாராணி போட்டோ எடுத்து நகராண்மைக் கழகத்துக்குப் புகார் அனுப்பினாள்.

“வேணாம் உஷா, நல்ல மனுஷன்” என்றான் கணவன் குகன்.

“நல்ல மனுஷன்னா நடுரோட்டைப் பிடிச்சு வச்சுக்குவாரா?”

அதிகாரிகள் வந்தார்கள். அங்கிள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “ஓக்கே என்சிக், எடுத்திடறேன்” என்று தலையாட்டினார். குகனும் இன்னும் இரண்டு பேரும் கைகொடுக்க, கார் தள்ளப்பட்டு உள்ளே போனது. ‘பேட்டரியைக்கூடப் பார்க்கிறதில்ல போல’ என்று உஷாராணி நினைத்துக்கொண்டாள்.

குழுவில் கட்டைவிரல்கள் குவிந்தன. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ரோடு அகலமாகிவிட்டது. வண்டிகளுக்கு இறக்கையும் முளைத்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பாசாரிலிருந்து வந்து, காய்கறிப் பைகளைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் ஐஸ்கிரீம் மோட்டாரின் மணிச்சத்தம். கேட் ‘டக்’கென்றது. திரும்பிப் பார்ப்பதற்குள் தாமரை, அவளுடைய நாலு வயசு மகள், ரோட்டில் நின்றாள்.

வளைவிலிருந்து ஒரு வெள்ளைக் கார் பாய்ந்து வந்தது.

“தாமரை!”

டயர் தேயும் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கார் நின்றது. குழந்தையின் ஒரு சிலிப்பர் டயருக்கு அடியில் கிடந்தது. இன்னொரு சிலிப்பரோடு தாமரை அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. காரோட்டியவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். குகன் வந்ததும் பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு, நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது அங்கிளின் மனைவி சீதாலெட்சுமி.

“அங்கிள் இல்லையா ஆன்ட்டி?”

“கோயிலுக்குப் போயிருக்காரு. பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையேம்மா? கேள்விப்பட்டதும் மனுஷனுக்குக் கை கால் ஓடல. அர்ச்சனை பண்ணிட்டு வரேன்னு கிளம்பிட்டாரு.”



“ஆன்ட்டி, மேட்டை எங்க வீட்டு முன்னாலேயே போடச் சொல்லி நானே எழுதிக் குடுக்கப் போறேன். அது வர்ற வரைக்கும்... அங்கிளோட கார் ரோட்டுல பழைய இடத்துலேயே நிக்கட்டும். நகராண்மைக் கழகத்துல நான் பேசிக்கிறேன்.”

“சொல்றேன்மா. ஆனா மறுபடியும் குகன் தம்பியைத்தான் தள்ளக் கூப்பிடணும்.”

“ஏன், இன்னும் ரிப்பேர் பார்க்கலையா?”

“ரிப்பேர் பார்க்க அதுல இஞ்சின் எங்க இருக்கு? பழைய இரும்புக் கடையிலேர்ந்து லோரில ஏத்திக்கிட்டு வந்தது. இவருக்குக் கார் ஓட்டவே தெரியாதேம்மா!”

உஷாராணி விழித்தாள்.

“அப்புறம் எதுக்கு ஆன்ட்டி வாங்கினாரு?”

சீதாலெட்சுமி கொஞ்சம் தயங்கினார்.

“முன்னே ஒருதடவை, கேட்டைப் பூட்டி வைம்மான்னு உங்கிட்ட சொன்னாராம். ‘எங்க பிள்ளையைப் பார்த்துக்க எங்களுக்குத் தெரியும் அங்கிள்’னு நீ சொல்லிட்டியாம். அன்னைக்குத்தாம்மா உன் பாப்பா முதல் தடவையா கேட்டோட தாழ்ப்பாளைத் தானே எட்டித் திறந்துச்சு. மறுநாளே போய் இந்தக் காரை ஏத்திக்கிட்டு வந்துட்டாரு.”